பெரிய வீட்டம்மாவின் கடைசி வசனம்

நவம்பர் 24, ஞாயிறு

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் கிடையாது. பேராசிரியர் குழந்தைவேலு சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் லேடீஸ் கிளப் ஆண்டு விழாவுக்கு அவர் எழுதிய ‘விரிசல்’ நாடகத்தைப் போடுகிறோம். அதில் நான்தான் தர்மாம்பாள், பெரிய வீட்டம்மா. “ஒத்திகை முடியற வரைக்கும் ரெண்டு வரியாவது எழுதிட்டு வாங்க மேடம். உங்களைப் பத்தியும் எழுதுங்க, தர்மாம்பாளைப் பத்தியும் எழுதுங்க. ரெண்டு பேரும் எங்க சந்திக்கறீங்கன்னு பாப்போம்” என்றார். நாங்கள் எங்கும் சந்திக்கப் போவதில்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன். சிரித்தார். காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்களுக்கு இந்தச் சிரிப்பு மட்டும் ஓய்வு பெறுவதில்லை.

கதை இதுதான். தர்மாம்பாள் வீட்டு மதில்சுவர் தெருப்பக்கம் விரிசல் விட்டிருக்கிறது. சுவரோரம் கடை போட்டிருக்கும் பூக்காரி, “அம்மா, சுவரைக் கொஞ்சம் பாருங்க” என்கிறாள். அம்மா பார்க்கவில்லை. மழையில் சுவர் விழுந்து பூக்காரியின் மகள் செத்துப்போகிறாள். மிச்ச நாடகம் முழுக்கத் தர்மாம்பாள் எப்படி நழுவுகிறாள் என்பதுதான். இன்ஸ்பெக்டர் வந்தால் காபி கொடுக்கிறாள். பத்திரிகைக்காரன் வந்தால் மயக்கம் வருகிறது என்று படுத்துக்கொள்கிறாள். மற்றவர்களைக் கணக்குப்பிள்ளையிடம் அனுப்புகிறாள். நடுவில் கோயிலுக்கு ஒரு வெண்கல மணி வேறு செய்து வைக்கிறாள். கடைசிக் காட்சியில் பூக்காரியே நேரில் வந்து, “நான் சொன்னேனேம்மா?” என்று கேட்கிறாள். தர்மாம்பாள் அவளை மேலும் கீழும் பார்த்து, “யாரும்மா நீ?” என்கிறாள். திரை.

படிக்கும்போதே எனக்கு வயிறு எரிந்தது. இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா என்று இவரிடம் கேட்டேன். இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “எல்லா ஊர்லயும் இருப்பாங்க” என்றார். மில் முதலாளிக்கு மனைவியின் நாடகத்தில் அவ்வளவுதான் அக்கறை.

நவம்பர் 28, வியாழன்

ஒத்திகைக்கு எங்கள் வீட்டு ஹாலையே கொடுத்துவிட்டேன். கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸில் இத்தனை பெரிய ஹால் வேறு யாரிடம் இருக்கிறது? பூக்காரியாக நடிக்கும் மனோன்மணி வைரத்தோட்டைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். கிளப் செயலாளர் என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

தோட்டக்கார மாரப்பன் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறான். தாடி, கறுப்பு வேட்டி, வெறுங்கால். நான் கூப்பிட்டால் “சாமி” என்று வந்து நிற்கிறான். வருகிறவர்கள் எல்லாம் காரில் வந்து இறங்குகிறவர்கள். வாசலில் இப்படி ஒருவன் நின்றால் என்ன நினைப்பார்கள்? செருப்பாவது போடு என்றால், மாலை போட்டிருக்கும்போது போடக்கூடாதாம். அவன் மனைவி ராமாத்தாள் இங்கே பாத்திரம் கழுவுகிறாள். அவளும் விடியுமுன் குளித்து, தனிச் சமையல் சமைத்து, ஒரே ஆசாரம். இவர்கள் மகள் கோமதிக்கு இடம் பார்த்தாயிற்றாம். தை பிறந்ததும் நிச்சயம். மாப்பிள்ளையின் அப்பாதான் மாரப்பனை மலைக்குக் கூட்டிப்போகும் குருசாமி. ஆக, சம்பந்தம் பேசியதே பஜனையில்தான் போலிருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க வேண்டும். தோட்டத்து ஃபவுண்டன் மோட்டார் ஸ்விட்ச் ஷாக் அடிக்கிறது என்று மாரப்பன் மறுபடி வந்து சொன்னான். எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்ல வேண்டும். முந்திரி தீர்ந்துவிட்டது. இரண்டாம் காட்சி வசனம் இன்னும் மனப்பாடம் ஆகவில்லை.

டிசம்பர் 4, புதன்

ஒத்திகை பாதியில் நின்றுவிட்டது. தோட்டத்தில் ஒரு விபத்து. மாரப்பனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. தலை வலிக்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

உயிருக்கு ஆபத்தில்லையாம். வலது கைதான் இனி வேலைக்கு ஆகாது என்கிறார்கள். கரண்ட் தூக்கி எறிந்ததில் படிக்கல்லில் விழுந்து இடுப்பிலும் அடி. செலவு முழுக்க நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று இவர் சொல்லிவிட்டார். எத்தனை பேர் அப்படிச் சொல்வார்கள்?

மில் மேனேஜர் தனபால் வந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போய்விட்டதாம், வழக்கமாம் அது. “அம்மா, நீங்க அவன்கிட்ட ஏதாச்சும் சொன்னீங்களா?” என்று கேட்டார். நான் ஹாலில் இருந்தேன் என்றேன். அது உண்மை. ஒத்திகைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள், மனோன்மணி ஃபவுண்டன் முன்னால் நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்றாள், நான் ஹாலில்தான் இருந்தேன். ஹால் ஜன்னல் தோட்டத்தைப் பார்த்து இருக்கிறது என்பதைத் தனபால் கேட்கவில்லை.

ராமாத்தாள் வராததால் பாத்திரம் எல்லாம் அப்படியே கிடக்கிறது.

டிசம்பர் 6, வெள்ளி

இன்ஸ்பெக்டர் வந்தார். நான் கீழே இறங்கவில்லை. உண்மையிலேயே பிரஷர் ஏறியிருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். காபி மட்டும் ஸ்ட்ராங்காகப் போட்டு அனுப்பச் சொன்னேன். வீட்டுக்கு வந்தவருக்குக் காபி கொடுப்பது மரியாதை.

தனபாலே எல்லாம் பேசி முடித்துவிட்டார். மாரப்பன் குடித்துவிட்டு ஈரக்கையோடு மோட்டாரைத் தொட்டான், யாரும் போடச் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தாயிற்றாம். ஆஸ்பத்திரியில் எழுதுகிறவர்களையும் பார்த்துக்கொண்டாராம். மில்லில் யாருக்கு அடிபட்டாலும் இப்படித்தான் எழுதுவது வழக்கம், குடி என்றால் அதற்குமேல் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை என்றார். சாமர்த்தியசாலி. இவர் இத்தனை வருஷமாக அவரை வைத்திருப்பது சும்மா இல்லை.

நன்றாகத் தூங்கினேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஒத்திகை தொடர்ந்தது. இன்ஸ்பெக்டர் காட்சி. எனக்குச் சரியாக வரவில்லை. நான் திருட்டு முழி முழிக்கிறேனாம். பேராசிரியர் என்னை உட்கார வைத்து விளக்கினார்.

“தர்மாம்பாளை நீங்க பொய்க்காரின்னு நெனச்சு நடிக்கறீங்க மேடம். அவ இந்த நாடகத்துல ஒரு பொய்கூடச் சொல்றதில்ல. வசனத்தை எல்லாம் திருப்பிப் பாருங்க.”

பார்த்தேன். ஆமாம். தலை சுற்றுகிறது என்கிறாள், சுற்றத்தான் செய்கிறது. கணக்குப்பிள்ளைக்குத்தான் தெரியும் என்கிறாள், அவருக்குத் தெரியத்தான் செய்கிறது.

“பொய் சொல்றது ஏழைங்க வேலை. அவங்களுக்கு வேற வழி இல்ல. இவளுக்கு அந்தச் சிரமமே கெடையாது. தன்கிட்ட யாரும் நேரா கேக்காத மாதிரி பாத்துக்கறா. அவளுக்கு முன்னால நாலு பேரு நிக்கறாங்க. கேள்வி அவங்களைத் தாண்டி வர்றதே இல்ல. அதனால அவ முகத்துல பயமே இருக்கக்கூடாது. நிம்மதியா இருக்கணும். நல்லாத் தூங்கி எந்திரிச்ச மொகம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு என்னவோ அவர் என்னையே பார்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது. நடிகையைப் பார்க்காமல் வேறு யாரைப் பார்ப்பார்? மறுபடி நடித்தபோது பிரமாதமாக வந்ததாகச் சொன்னார். எனக்குத்தான் பிடிக்கவில்லை. பணக்காரர்கள் என்றாலே இப்படித்தான் என்று எழுதுவது இவர்களுக்கு ஒரு ஃபேஷன். அவள் மனசுக்குள் என்ன பாடு பட்டிருப்பாள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாரா?

டிசம்பர் 11, புதன்

காலையில் கேட்டுக்கு வெளியே கறுப்பு வேட்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர். மாடி ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். எல்லோர் கழுத்திலும் மாலை. நடுவில் நரைத்த தாடியோடு ஒருவர். அவர்தான் குருசாமி, கோமதியின் வருங்கால மாமனார்.

இவரும் தனபாலும் கேட்டுக்குப் போனார்கள். குருசாமி சத்தம் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நிதானமாகத்தான் பேசினார், ஆனால் மேலே வரைக்கும் கேட்டது.

“சாமி, மாலை போட்ட ஒருத்தன் குடிச்சான்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. நெசமா இருந்தா சொல்லுங்க, மாலையைக் கழட்டிப்போடறேன். அவனை என்கூட மலைக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. எம் பையனுக்கு அந்த வீட்டுல பொண்ணு எடுக்கவும் முடியாது. பொய்யா இருந்தா, பொய்யின்னு சொல்லிப்போடுங்க. சண்டைக்கு வரலைங்க. தெரிஞ்சிட்டுப் போகலாம்னு வந்தோம்.”

தனபால் முகத்தை நான் மேலிருந்தே பார்த்தேன். வெளுத்துப்போய்விட்டது. மில் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு எழுதிக் கொடுத்த மனிதர்; மாரப்பனைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவன் மாலை போட்டிருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்தான். ஆனால் என்னிடம் யார் கேட்டார்கள்?

“அம்மா வீட்டுல இருந்தாங்கல்ல? அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க” என்றார் குருசாமி.

திரையை விட்டுவிட்டேன். பயந்துவிட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன். அத்தனை பேர் கறுப்பு உடையில் நின்றால் யாருக்கும் பயம் வரும்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தனபால் சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு ஹாலில் இவரும் அவரும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. “இப்ப மாத்திச் சொன்னா மொதல்ல சொன்னது பொய்யின்னு ஆயிருமுங்க. அப்புறம் ஸ்விட்ச்ச போடச் சொன்னது யாருன்னு கேப்பாங்க. மாலை போட்டுட்டே குடிச்சிருக்கான்னு விட்டுற வேண்டியதுதான்.” இவர், “செரி” என்றார்.

மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. மோர் மட்டும் குடித்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

மழை. ராமாத்தாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. சட்னியில் உப்பு அதிகம்.

டிசம்பர் 14, சனி

குருசாமி ஆஸ்பத்திரிக்கே போய் மாரப்பன் கழுத்து மாலையைக் கழற்றிவிட்டாராம். சமையல்கார அம்மா சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். மாலையைக் கழற்றும்போது மாரப்பன் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். இந்த மாதிரி விஷயங்களை என்னிடம் எதற்கு வந்து சொல்கிறார்கள்?

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. கோலத்துக்குச் செம்மண் வாங்கவில்லை.

ராமாத்தாள் இன்று வாயைத் திறந்தாள். நான் கண்ணாடி முன்னால் வசனம் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவோரம் வந்து நின்றாள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்தபடியே இருந்தாள்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. ஒரு வார்த்தை.”

“சொல்லு.”

“குருசாமி தை பொறக்கற வரைக்கும் பொறுத்துக்கறேன்னு சொல்லியிருக்காருங்க. உங்களை நம்பறாரு. அம்மா வாயால அவன் குடிக்கலைன்னு சொல்லிட்டா மறுபடியும் மாலை போட்டு நானே கூட்டிட்டுப் போறேன், நிச்சயத்தையும் வெச்சுக்கலாம்னு சொல்றாருங்க. கை போனது போயிருச்சுங்க. அதை நான் கேக்கல. ஊருல குடிகாரன்னு, அதும் மாலை போட்டுக் குடிச்சவன்னு பேராயிருச்சு. புள்ள வெளிய தலை காட்ட மாட்டேங்குது. அவரு குடிக்கலைன்னு மட்டும் சொல்லுங்கம்மா. போதும்.”

எனக்குச் சங்கடமாக இருந்தது. கல் மனசு இல்லை எனக்கு. அய்யாகிட்ட பேசறேன் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள். இவரிடம் பேசினேன். “நீ எதுக்கு இதுல மூக்கை நொழைக்கற? தனபால் பாத்துக்குவான்” என்றார். பேசுவதாகச் சொன்னேன், பேசிவிட்டேன். அதற்குமேல் நான் என்ன செய்ய முடியும்?

கோமதிக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தேன். ராமாத்தாள் வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் ஸ்டோர் ரூம் அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இந்தத் திமிர் எங்கிருந்து வருகிறதோ.

டிசம்பர் 19, வியாழன்

இன்று பேராசிரியரோடு நேருக்கு நேர் மோதிவிட்டேன். கடைசிக் காட்சியை மாற்ற வேண்டும் என்றேன். “யாரும்மா நீ?” என்று கேட்கிற ஒரு பெண்ணாக நான் மேடையில் நிற்க மாட்டேன். எனக்கும் இந்த ஊரில் ஒரு பெயர் இருக்கிறது.

“என்ன மாத்தணும்?” என்றார்.

நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். பூக்காரி “நான் சொன்னேனேம்மா?” என்று கேட்டதும் தர்மாம்பாள் உடைந்து அழ வேண்டும். “சொன்னே தாயி. நான்தான் காதுல வாங்கல. தப்பு எம் மேலதான்” என்று அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மனோன்மணிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எல்லோரும் இதுதான் சரி என்றார்கள்.

பேராசிரியர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவ அழ மாட்டா மேடம். அழறவளா இருந்தா இந்த நாடகத்தை எழுதவே தேவையில்ல.”

“மனுஷி மாற மாட்டாளா? திருந்தவே மாட்டாளா?”

“மாறலாம். அதுக்கு எதையாவது விட்டுக்குடுக்கணும். இவ எதை விட்டுக்குடுக்கறா? கண்ணீரா? மேடையில இவ அழுது மன்னிப்புக் கேட்டா, கீழ உக்காந்திருக்கிறவங்க எல்லாம் தங்களையும் மன்னிச்சுக்கிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருவாங்க.”

நிம்மதியாக வீட்டுக்குப் போவதில் என்ன தப்பு? டிக்கெட் வாங்கி வருகிறவர்களைக் குத்திக் காட்டி அனுப்புவதற்கா ஆண்டு விழா? ஹால் என்னுடையது, மேடைச் செலவு எங்களுடையது. இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

டிசம்பர் 23, திங்கள்

பேராசிரியர் விலகிவிட்டார். அழைப்பிதழில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று மனோன்மணிக்குப் போனில் சொன்னாராம். நல்லது. அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டியதில்லை. இந்த நாட்குறிப்பையும் நிறுத்திவிடலாம்தான். எழுதி எழுதிப் பழகிவிட்டது.

டிசம்பர் 29, ஞாயிறு

புது முடிவோடு முழு ஒத்திகை. அந்த வசனம் என் வாயில் தண்ணீர் மாதிரி வருகிறது. ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. அழுகையும் தானாக வருகிறது.

மாரப்பன் வீட்டுக்கு வந்துவிட்டானாம்.

ஜனவரி 4, சனி

இப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் வந்ததில்லை!

அரங்கம் நிறைந்துவிட்டது. எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வரிசைகளில் அவரவர் வீட்டு வேலைக்காரர்களை உட்கார வைத்துவிடுவோம். காலி நாற்காலி தெரியாது, கைதட்டலும் தாராளமாக வரும். ராமாத்தாளையும் வேனில் ஏற்றி அனுப்பச் சொல்லியிருந்தேன். அவளுக்கும் ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்றுதான்.

கடைசிக் காட்சி. மனோன்மணி (தோட்டைக் கழற்றவேயில்லை) என் முன்னால் வந்து நின்று, “நான் சொன்னேனேம்மா?” என்றாள். அரங்கத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். “சொன்னே தாயி. நான்தான் காதுல வாங்கல. தப்பு எம் மேலதான்.” கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. நடிப்பு இல்லை, நிஜமாகவே கொட்டியது. மனசு அப்படி லேசாகிவிட்டது.

அப்போது பின்னால் ஒருத்தி எழுந்து நின்றாள். வெளிச்சத்தில் எனக்கு முகம் தெரியவில்லை. ஒருத்தி எழுந்ததும் பக்கத்து வரிசை எழுந்தது, அப்புறம் முன்வரிசை, கடைசியில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. முதலில் எழுந்தது யார் என்று பிறகு விசாரித்தேன். ராமாத்தாளாம். கை மட்டும் தட்டவில்லையாம், சும்மா நின்றுகொண்டிருந்தாளாம். பாவம், அவளுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இவர்கூட, “பரவால்லியே, நல்லாத்தான் பண்ணின” என்றார்.

ஜனவரி 5, ஞாயிறு

காலையில் பூங்கொத்துகளை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ராமாத்தாள் வந்தாள். வேலைக்கு வரும் கோலத்தில் இல்லை. துவைத்த சேலை கட்டி, தலை வாரி, பொட்டு வைத்து வந்திருந்தாள். கொஞ்சம் தள்ளி கோமதி நின்றாள். அந்தப் பெண்ணை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். ஒட்டடைக்குச்சி மாதிரி இளைத்திருக்கிறாள்.

“நாடகம் புடிச்சிருந்துதா ராமாத்தா?”

“புடிச்சிருந்துதுங்க.” கோமதியைத் திரும்பிப் பார்த்தாள். “அம்மா, குருசாமி புதன்கெழமை மலைக்குக் கெளம்பறாருங்க. இப்பக் கோயில்லதான் இருக்காரு. ஒரு எட்டு வந்தீங்கன்னா ஆச்சு. நேத்துச் சொன்னதை அங்க சொல்லிப்போடுங்க.”

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பு வந்தது. “அடியே, அது நாடகம்.”

“நாடகம்னு எனக்குந் தெரியுமுங்க” என்றாள். சிரிக்கவில்லை. “இத்தன நாளா உங்களுக்குச் சொல்ல வராதுன்னு நெனச்சிட்டிருந்தனுங்க. பெரிய எடம், அப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமிருக்காது, வாய் வராது, அம்மா மேல என்ன குத்தம்னு நெனச்சேன். நேத்து அத்தன பேரு முன்னால சொன்னீங்க. நல்லாச் சொன்னீங்க. வருதுங்களே உங்களுக்கு.”

கையிலிருந்த பூங்கொத்தை மேஜைமேல் வைத்தேன்.

“ஸ்விட்ச்சு ஷாக் அடிக்குதுன்னு அவரு சொன்னதைச் சொல்ல வேண்டாமுங்க. ‘விருந்தாளிங்க நிக்கறாங்க, கட்டையில தட்டி ஸ்விட்ச்சைப் போட்டு உடு’ன்னு ஜன்னல்ல நின்னு நீங்க சொன்னதையும் சொல்ல வேண்டாமுங்க. நான் பாத்திரம் கழுவிட்டுத்தான இருந்தேன், என் காதுலயும் விழுந்துது, நானும் சொல்லல, இனியும் சொல்ல மாட்டேன். கேசெல்லாம் அய்யா இஷ்டம். அவரு குடிக்கலைன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும். அந்தப் புள்ள மொகத்தைப் பாருங்கம்மா.”

இவள் காதில் என்ன விழுந்ததோ, எப்படி விழுந்ததோ. அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று இப்போது யாருக்கு நினைவிருக்கிறது? ஆனால் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் வாழ்க்கையில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் மனசு விட்டு அழுதேன். அதையும் எடுத்துக்கொண்டு வந்து பேரம் பேசுகிறாள்.

“மேடையில சொல்றது வேற, வீட்டுல சொல்றது வேற ராமாத்தா.”

“சொல்றது அதே வாய்தானுங்களே?”

அவள் எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கோயிலுக்கே வருகிறேன் என்று சொன்னேன். கோமதி முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மத்தியானம் கிளம்பிக் கோத்தகிரி பங்களாவுக்கு வந்துவிட்டோம். இவருக்கும் ஓய்வு தேவைப்பட்டது. கம்பளி எடுத்து வர மறந்துவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

இங்கே நல்ல குளிர். டெலிபோன் சரியாக எடுப்பதில்லை. நிம்மதி.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இங்கேயே சின்னதாக வைத்தோம். பால் பொங்கும்போது யாரோ நம்மைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஜனவரி 18, சனி

வீடு திரும்பினோம். மாரப்பன் குடும்பம் அவிநாசி பக்கம் ராமாத்தாளின் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாம். கணக்கு முடித்துக் கொடுக்கத் தனபால் ஆள் அனுப்பினாராம், வாங்கிக்கொள்ளவில்லையாம். குருசாமி மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தாயிற்று. சமையல்கார அம்மா இன்னொன்றும் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் நடை சாத்துகிற வரைக்கும் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்களாம். குருசாமியும் கூடவே உட்கார்ந்திருந்தாராம். மாரப்பனை இரண்டு பேர் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். “பெரிய எடம், கார் வர நேரமாகும்” என்று ராமாத்தாள் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

சமையல்கார அம்மாவைப் போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பாத்திரம் கழுவ வேறு ஆள் பார்க்க வேண்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

திருப்பூர் கிளப்காரர்கள் ‘விரிசல்’ நாடகத்தைக் குடியரசு தினத்தன்று அங்கே போடக் கேட்கிறார்கள். ஏழைப் பெண்களின் கல்யாண உதவி நிதிக்காம். மனோன்மணி ஒப்புக்கொண்டுவிட்டாள். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். நீங்கள் இல்லாமல் நாடகமே இல்லை என்கிறாள்.

ஜனவரி 26, ஞாயிறு

திருப்பூர். நல்ல கூட்டம்.

இன்று நடந்ததை எழுதிவிட்டு இந்த நோட்டை மூடிவிடப் போகிறேன்.

கடைசிக் காட்சி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. மனோன்மணி வந்து நின்றாள். “நான் சொன்னேனேம்மா?” என்றாள். நான் வாயைத் திறந்தேன். ‘சொன்னே தாயி’ என்பதுதான் வசனம். நூறு தடவை சொன்ன வசனம். வரவில்லை. மறந்து போகவில்லை, ஒவ்வொரு எழுத்தும் நினைவில் இருந்தது. தொண்டையை விட்டு மேலே ஏறவில்லை. கண்ணிலும் ஒரு சொட்டு இல்லை. பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக் கொடுத்தார்கள். மறுபடியும் கொடுத்தார்கள். மனோன்மணி பயந்துபோய் இன்னொரு தடவை, “நான் சொன்னேனேம்மா?” என்றாள். அரங்கத்தின் பின்வரிசையைப் பார்த்தேன். இந்த ஊரிலும் அங்கே உட்கார வைத்திருந்த வேலைக்காரப் பெண்கள் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே நின்றேன். வேறு வழியில்லாமல் திரையைப் போட்டுவிட்டார்கள்.

அவமானம், எல்லாம் போயிற்று என்று மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் கைதட்டல் கேட்டது. கோயம்புத்தூரைவிடப் பெரிய கைதட்டல். நிற்கவேயில்லை.

தலைமை தாங்க வந்திருந்த அம்மாள் உள்ளே ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. “என்ன நடிப்புங்க! ஒரு வார்த்தை பேசல நீங்க. பேசாமலே எல்லாத்தையும் சொல்லிட்டீங்க” என்றார். மனோன்மணியும் சுதாரித்துக்கொண்டு, ஆமாம், இதை நாங்கள் யோசித்துத்தான் செய்தோம் என்றாள்.

அடுத்த மாதம் ஈரோட்டில் கேட்கிறார்கள். அந்த வசனத்தை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.